எல்லைப்புறத்து மோகினி

ஓசூர் என்று சொன்ன மாத்திரத்தில் இக்காலத்தவர் மனத்தில் தோன்றுவன லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும், பசுமைக் குடில்களில் வளர்ந்து விமானமேறும் ரோஜாப் பூவுமேயன்றி வேறில்லை. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டையின் வேலிக் கம்பங்கள் நடப்படுவதற்கு முன்னரும், நட்ட பின்னர் ஒரு பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரையிலும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் நின்று விலை பேசிய இப்பிரதேசத்தில், பொழுது சாய்ந்தபின் ஜனங்களைக் கூட்டி உட்காரவைக்கும் சாமர்த்தியம் படைத்த பொருள்களுள் ஒன்றாய் விளங்கியது பேய்ப்படம். பயமும் சிரிப்பும் பாட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, சொற்ப முதலில், ஆயிரம் இடையூறுகளுக்கு நடுவே எடுத்து முடிக்கப்பெற்ற அந்த ஜாதிப் படங்களைக் கற்றோர் கேவலமாக எண்ணி ஒதுக்கினர். விமர்சகர்கள் ஒரு வரியில் தீர்த்துவிட்டனர். தரை டிக்கெட் வாங்கியவர்களோ அவற்றை மும்முறையும் நான்முறையும் பார்த்தனர். அந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன என்று சற்று நிதானமாக ஆராய்ந்து பார்க்கலாம்.

பேயைக் கண்டு சிரிப்பது சினிமா கற்றுக்கொடுத்த பழக்கம் அன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணியபோது நகையையும் அச்சத்தையும் ஒரே வரிசையில் வைத்தார். ஜெயங்கொண்டாரோ அவ்விரண்டையும் ஒரே பானையில் இட்டுக் காய்ச்சினார். கலிங்கத்துப் பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழடும் பகுதியைப் பள்ளியில் படிக்கும்போது, அது வீரகாவியத்தின் ஓர் அங்கம் என்று ஆசிரியர்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அது பிணங்களையே பண்டபாத்திரங்களாகக் கொண்டு நடக்கும் ஒரு சமையற்கட்டுப் பிரஹசனம். பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று வகைவகையாய் வந்து கூழுக்கு நிற்கும் பேய்களைப் பாடியவர், அவையோரை நடுங்கவைக்க வேண்டும் என்று மட்டும் கருதியிருக்க இயலாது. அரசவையில் அரங்கேறிய அந்த யுக்தி, எட்டு நூற்றாண்டுகள் கழித்து டென்ட் கொட்டகையின் மணல்தரைக்கு வந்து சேர்ந்தது என்பதே என் அபிப்பிராயம்.

இப்பிரதேசத்தின் சினிமா விருத்தாந்தத்தைச் சொல்லப் புகுவோர் சேலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவின் தாலுகாக்களாகவே இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். அந்தச் சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையில், 1930-களின் நடுவில் டி. ஆர். சுந்தரம் ஸ்தாபித்த மாடர்ன் தியேட்டர்ஸ், மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவற்றை ஈன்ற பெருமைக்குரியது. இப்பெருமைகளைச் சொல்வோர் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடும் ஒரு பிள்ளையும் அதற்கு உண்டு. 1952-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச்சேர்ந்து சுந்தரம் எடுத்த 'தி ஜங்கிள்' என்னும் ஆங்கிலப் படத்தில், ஆதிகாலத்து ரோமம் அடர்ந்த யானைகள் காட்டிலிருந்து புறப்பட்டு வந்து கிராமங்களைத் துவம்சம் செய்கின்றன. ராட்சத மிருகத்தைச் சிருஷ்டிக்கப் பணமேது? நம் ஊர் யானைகளுக்கே ரோமப் போர்வையைப் போர்த்திக் காமிராவின் முன் நடக்கவிட்டார்கள். ஹாலிவுட்டிலிருந்து ராட் காமரனும் சீசர் ரொமேரோவும் வந்து அந்தப் போர்வை யானைகளைக் கண்டு முகத்தில் பீதியைக் காட்டினார்கள். மலிவான பயங்கரத்துக்கு நம் ஜில்லா செய்த முதல் உபகாரம் இது என்று கொள்ளலாம்.

அதற்கு முந்திய ஆண்டில் ஜூபிடர் பிக்சர்ஸ் வெளியிட்ட 'மர்மயோகி', ஆவியாகத் தோன்றும் ஒரு பாத்திரத்தின் பொருட்டு, வயது வந்தோர் மட்டும் பார்க்கத்தக்கது என்னும் சான்றிதழைத் தமிழ்ப் படங்களுள் முதன்முதலாகப் பெற்றது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாகத் தோன்றிய அப்படத்தில் உலாவுவது மெய்யான ஆவியே அன்று, வேஷம். அந்த வேஷத்துக்கே தணிக்கையார் அத்துணை அஞ்சினர் என்றால், அக்காலத்தில் பேய்க்கு இருந்த மதிப்பை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அந்த மதிப்பு தலைகீழாயிற்று. 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில், 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று பலகை மாட்டிக்கொண்டு, தந்தையின் பணத்தை நம்பிப் படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாகிய நாகேஷ், தாம் எடுக்கப்போகும் திகில் கதையைத் தந்தையாகிய பாலையாவுக்குச் சொல்லிக் காட்டும் காட்சியை அறியாத தமிழர் அரிது. கதவின் கிறீச்சொலி, காலடியோசை முதலிய யாவும் நாகேஷின் தொண்டையிலிருந்தே பிறக்கின்றன. பயம் முழுவதும் பாலையாவின் முகத்தில் நடக்கிறது. செட்டில்லை, விளக்கில்லை, மேக்கப்பில்லை. முதலாளி பணம் தர மறுத்தமையால் என்றைக்குமே எடுக்கப்படாமற் போன அந்தப் படமே தமிழின் மிகச் சிறந்த பேய்நகைச்சுவைப் படம் என்று நான் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இவையெல்லாம் முன்னுரை. எல்லைப்புறத்துக் கொட்டகைகளில் மெய்யாகவே ஆட்சி செலுத்திய பேய்கள் வேறொருவருடைய பட்டறையில் உருவானவை. 1920-இல் உடுப்பிக்கு அருகே, ஆயுர்வேத வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்த பி. விட்டலாச்சார்யா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சிறுவயதில் வீட்டை விட்டு வெளியேறி, மைசூர் ராஜ்யத்து அரசீகெரேயில் எடுபிடி வேலைகள் செய்து, பின்னர் அங்கேயே ஓர் உடுப்பி ஹோட்டலை வாங்கி நடத்தி, 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்று மீண்டு, ஹோட்டலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நண்பர் டி. சங்கர் சிங்குடன் சேர்ந்து ஹாசன் ஜில்லாவில் ஊர் ஊராய் நகரும் டூரிங் டாக்கீஸ் ஒன்றை நடத்தத் தொடங்கினார். அவருக்குச் சினிமா கற்பித்த குரு அந்த டென்ட்தான். ஒவ்வொரு படத்தையும் இரவுதோறும் பார்த்து, எந்த இடத்தில் ஜனங்கள் சோடா குடிக்க எழுகிறார்கள், எந்த இடத்தில் எழுந்தவனும் மறுபடி உட்காருகிறான் என்பதைக் கண்கூடாகக் கண்டறியும் வாய்ப்பு, பட்டணத்து ஸ்டூடியோக்களில் உதவி டைரக்டராய் அலைந்தவர்களுக்குக் கிட்டாத ஒன்று. கிராமத்துத் திறந்தவெளியில் விடிய விடிய ஆடும் பயலாட்டம் என்னும் கன்னடக் கூத்து அவரைப் பாலியத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெருக்கூத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரமுறை.

பின்னர் மைசூரில் நண்பர்கள் கூடி நிறுவிய மகாத்மா பிக்சர்ஸ் சார்பில் சங்கர் சிங் இயக்கிய கன்னட 'ஜகன்மோகினி' 1951-இல் வெளிவந்து 100 நாள்களுக்கு மேல் ஓடியது. கூட்டாளிகள் ஒவ்வொருவராய் விலகவே, விட்டலாச்சார்யா தம் பெயரிலேயே ஒரு கம்பெனியைத் தொடங்கி, 1950-களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, தெலுங்கில் படமெடுக்கலானார். கன்னடத்தில் சந்தை சிறிது, தெலுங்கில் பெரிது என்பது ஹோட்டல் நடத்தியவருக்குத் தெரியாதா? 1963-இல் 'பந்திபோட்டு' முதலாக என்.டி. ராமராவையும், அதற்கு முன்னும் பின்னும் காந்தாராவையும் நாயகர்களாக வைத்து அவர் எடுத்த மாயாஜாலப் படங்கள் அவருக்கு 'ஜானபத பிரம்மா' என்னும் பட்டத்தைத் தேடித்தந்தன. கதை நாட்டார் கதை, நாடு பெயரில்லாத நாடு, மந்திரவாதி, எலும்புக்கூடு, பாதாளக் குகை, இடையிடையே விதூஷகனின் சேஷ்டை, பத்து நிமிஷத்துக்கொரு பாட்டு: இதுவே அவர் கண்ட மார்க்கம்.

அவருடைய கஷ்டங்களைப்பற்றித் திரையுலகில் வழிவழியாக வழங்கும் கதை ஒன்று உண்டு. நடிகர் எவரேனும் பாதிப் படத்தில் கால்ஷீட் தராமல் இழுத்தடித்தாலோ, பேசிய தொகைக்குமேல் கேட்டு முரண்டு பிடித்தாலோ, விட்டலாச்சார்யா கோபித்துக் கொள்வதில்லையாம். அன்றிரவே கதையில் ஒரு முனிவரை நுழைத்து, அவர் சாபத்தால் அந்தப் பாத்திரத்தைக் கிளியாகவோ ஆடாகவோ குரங்காகவோ மாற்றிவிட்டு, மீதிப் படத்தை அந்தப் பிராணியை வைத்தே எடுத்து முடிப்பாராம். கிளிக்குக் கால்ஷீட் வேண்டாம், தீனி போதும். கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு அலங்காரம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. ஆயினும் அப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அது பொருந்தாக் கதையாகத் தோன்றாது என்பது நிச்சயம்.

மாற்றும் விதமும் செலவற்றதே. நடிகர் ஓரிடத்தில் நிற்பார். முனிவர் கமண்டலத்து நீரைத் தெளிப்பார். காமிராவை அசையாமல் கால்களில் நிறுத்தி, அதன் ஓட்டத்தை மட்டும் நிறுத்துவார்கள். முனிவர் கையைத் தூக்கியபடியே மூச்சுக் காட்டாமல் நின்றிருக்க, நடிகர் விலகிக்கொள்ள, சாக்குக்கட்டியால் தரையில் குறித்த அதே இடத்தில் கிளிக்கூண்டுக்காரன் கிளியை வைத்துவிட்டு நழுவுவான். மறுபடி காமிரா ஓடும். நடுவிலுள்ள சில கட்டங்களைக் கத்தரித்து ஒட்டிவிட்டால், கொட்டகையிலுள்ளவன் கண்ணுக்கு மனிதன் கிளியாவது ஒரே க்ஷணத்தில் நிகழும். எலும்புக்கூட்டின் நடனத்துக்கோ, கறுப்புத் திரைக்கு முன்னே கறுப்பு உடுப்பணிந்தவன் உடம்பில் வெள்ளை எலும்புகளை எழுதிவிட்டால் ஆயிற்று; அதே பிலிமை மறுபடி ஓட்டி அதன்மேல் இன்னொரு காட்சியைப் பதித்தால், எலும்புக்கூடு நாயகனின் அருகிலேயே வந்து ஆடும். முனிவரின் கை சற்றே அசைந்துவிட்டால் திரையிலும் அது வெட்டென்று துள்ளும். அத்துள்ளலைக் கண்டு ஜனங்கள் சிரிப்பார்கள், அடுத்த நிமிஷமே பயப்படுவார்கள்.

இந்த வித்தைக்கு ஆதிபிதாவான பிரான்ஸ் தேசத்து ஜார்ஜ் மெலியே, பாரிஸ் நகரச் சதுக்கமொன்றில் படம்பிடித்துக் கொண்டிருக்கையில் காமிரா சிக்கிக் கொண்டதாகவும், சரிசெய்து மறுபடி ஓட்டியபின் திரையிட்டுப் பார்த்தபோது பயணிகள் வண்டி ஒன்று சவவண்டியாக மாறிப்போயிருந்ததாகவும் தாமே சொல்லியிருக்கிறார். இயந்திரக் கோளாற்றில் பிறந்த கலை, கால்ஷீட் கோளாற்றில் வளர்ந்ததில் வியப்பில்லை.

சொற்ப முதலில், இடையூறுகளுக்கு நடுவே பேய்ப்படம் எடுக்கும் அனுபவம் மேல்நாட்டார்க்கும் புதிதன்று. ராஜர் கார்மன் 1960-இல், மனிதரைத் தின்னும் செடியைப்பற்றிய 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் பிரதான காட்சிகளை, வேறு படத்துக்குப் போட்டுப் பிரிக்காமல் கிடந்த செட்டில் இரண்டே நாள்களில் எடுத்து முடித்தார். அந்த அவசரக் கோலம் 1982-இல் நியூயார்க்கில் பாட்டு நாடகமாகி, 1986-இல் பெருஞ்செலவில் பாட்டுப் படமாயிற்று. லண்டன் மேடையிலிருந்து புறப்பட்ட 'ராக்கி ஹாரர்' 1975-இல் படமானபோது, ஈரமும் குளிரும் மிக்க பழைய மாளிகையில் நடித்த கதாநாயகி சூசன் சரண்டன் நிமோனியாவில் விழுந்தார். முதல் வெளியீட்டில் தோற்ற அப்படம் நள்ளிரவுக் காட்சிகளில் உயிர்த்தெழுந்து இன்றளவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு நள்ளிரவுக் காட்சி; நமக்கு இரண்டாம் ஆட்டம்.

இனி 1978-க்கு வருவோம். மாயாஜாலப் படங்களின் காலம் மலையேறிவிட்டது என்று எல்லாரும் தீர்மானித்திருந்த அந்த நாளில், விட்டலாச்சார்யா, 27 ஆண்டுகளுக்கு முன் தம் பழைய கம்பெனிக்குக் கைகொடுத்த பெயரையே மறுபடி எடுத்து, தெலுங்கில் 'ஜகன்மோகினி' என்னும் படத்தை எடுத்தார். ராமராவைப் போன்ற உச்ச நட்சத்திரம் எவரும் அதில் இல்லை. நரசிம்ம ராஜுவும் பிரபாவும் நாயக நாயகியர். மோகினிப் பேயாகத் தோன்றியவர், அதுவரை ஒற்றைப் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகிறவர் என்றே கருதப்பட்டுவந்த, ஜோதிலட்சுமியின் தங்கை ஜெயமாலினி. நட்சத்திரத்துக்குக் கொடுக்கப் பணமில்லாதபோது பேயையே நட்சத்திரமாக்கிவிடுவது எவ்வளவு சிக்கனமான யோசனை! படம் தெலுங்கில் பெருவெற்றி பெற்றது. தமிழில் மொழிமாற்றம் செய்யப்பெற்று இங்கும் கொட்டகைகளை நிறைத்தது.

அப்படத்தை ஒருமுறை பார்த்தவர் மறவாத காட்சி அடுப்பங்கரைக் காட்சி. குடும்பத்துக்குள் நுழைந்துவிட்ட மோகினி சமைக்க உட்காருகிறாள், அடுப்பில் விறகில்லை. சற்றும் யோசியாமல், புடவையை ஒதுக்கித் தன் காலையே அடுப்பினுள் நீட்டி எரியவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடவாதவள்போலச் சமையலைக் கவனிக்கிறாள். திகிலூட்டும் சங்கீதம் ஒருபுறம் முழங்கிக்கொண்டிருக்க, கொட்டகையில் பெண்கள் பகுதியிலிருந்து முதலில் எழுவது அலறலா சிரிப்பா என்று சொல்வது கடினம். விறகுக்குக் காடு மேடெல்லாம் அலைந்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த ஒரு தலைமுறைப் பெண்களுக்கு, அந்தப் பேய் சற்றுப் பொறாமையைக்கூட உண்டாக்கியிருக்கக் கூடும். ஜெயங்கொண்டாரின் கூழடுப்புக்கும் இந்த அடுப்புக்கும் உள்ள உறவைப் புலவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் போகட்டும். அடுப்பங்கரையில் பேயை உட்காரவைத்தால் பயத்தோடு நகைப்பும் தானே வரும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

இத்தகைய படங்கள் எல்லைப்புறத்துக்கு ஏன் விசேஷமாகப் பொருந்தின என்பதே நான் சொல்ல வந்தது. 1956-இல் மொழிவாரியாக ராஜ்யங்கள் பிரிக்கப்பட்டபோது, தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுந்திருந்தும், ஓசூர்த் தாலுகா சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பேரிகைப் பக்கங்களில் வீட்டில் ஒரு மொழி, வயலில் ஒரு மொழி, கச்சேரியில் ஒரு மொழி என்று வாழ்ந்த ஜனங்களுக்கு, மதுரையையோ தஞ்சாவூரையோ களமாகக் கொண்ட சமூகப் படத்தின் வசனம் அயலூர்ப் பேச்சாகவே ஒலித்திருக்கும். விட்டலாச்சார்யாவின் ராஜ்யத்துக்கோ ஊர்ப் பெயர் கிடையாது. தெருவில் பலகை கிடையாது. ஜாதிப் பேச்சு, வட்டாரப் பேச்சு எதுவும் கிடையாது. எந்த ஊரையும் காட்டாமலிருந்தது செலவைக் குறைப்பதற்காக. அதுவே எந்த மொழியிலும் அப்படத்தைப் பேசவைக்க இடங்கொடுத்தது. கன்னடியர் ஒருவர், சென்னையில் இருந்துகொண்டு, தெலுங்கில் எடுத்து, தமிழில் பேசவைத்த அந்தப் பேயை, மும்மொழியாரும் தம் ஊர்ப் பேயாகவே பாவித்தனர். எல்லைக்கோட்டை வரைந்த கமிஷன்கள் எவற்றாலும் சாதிக்க இயலாத சமரசம் இது.

பொருளாதாரக் காரணமும் உண்டு. டூரிங் கொட்டகைக்காரன் புதுப்படத்துக்குப் பெருந்தொகை கட்ட வழியற்றவன். பழைய படமும் மொழிமாற்றுப் படமுமே அவன் வாடகைக்குக் கட்டுப்படியாகும். பஸ்ஸின் மேற்கூரையில் படப்பெட்டி வந்து இறங்கியதும், மாட்டுவண்டியில் தட்டி கட்டி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு அக்கம்பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிவருவார்கள். கொட்டகையில் பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர். ஆகவே ரீல் தீர்ந்து மாற்றும்போதெல்லாம் இடைவேளை. மோகினி கையை நீட்டும் சமயத்தில் ரீல் தீர்ந்து விளக்கெரிந்தால், முறுக்கும் சோடாவும் விற்றுத் தீரும்வரை அந்தக் கை எல்லார் மனத்திலும் நீண்டபடியே நிற்கும். புரொஜெக்டருக்கு ஒளி தரும் கரிக்குச்சிகளின் இடைவெளி கூடிவிட்டால் திரை மங்கும். ஆபரேட்டர் அதைச் சரிசெய்து வெளிச்சம் திரும்பும் அந்த அரைநிமிஷ இருட்டு, படமெடுத்தவர் காசு கொடுக்காமலே பெற்ற பயங்கரம். பேய்ப்படம் பார்த்துவிட்டு ராகிக்கொல்லை வரப்பின்மேல் ஐந்தாறு பேராய்க் கைகோத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், வழியெல்லாம் அதன் பாட்டையே உரக்கப் பாடிக்கொண்டு போவார்கள். அக்காலத்துப் பேய்ப்படங்களில் பாட்டு எதற்கு என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

அதற்குள் ஊர் மாறத் தொடங்கிவிட்டது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-இல் அசோக் லேலண்டின் ஆலையும், அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட்டும், 1980-களின் பிற்பாதியில் டைட்டன் கடிகாரமும் வந்தன. மூன்று ஷிப்டு முறை வந்தபின், இரண்டாம் ஆட்டம் பார்த்தவன் காலை ஷிப்டுக்கு எழுந்திருப்பதெப்படி? மொபெட்டும் பஸ்ஸும் பெருகவே, நாற்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூரின் குளிர்பதன அரங்குகள் பக்கத்து வீடாயின. தொலைக்காட்சியும் வீடியோ காசெட்டும் மிச்சத்தை முடித்தன. கொட்டகை இருந்த காலிமனைகள் தொழிலாளர் குடியிருப்புகளாயின. பிற்காலத்தில் கர்நாடகத்தில் தமிழ்ப் படங்களுக்குத் தடையும் தகராறும் நேர்ந்த காலங்களில், பெங்களூர்த் தமிழர் எல்லை தாண்டி ஓசூருக்கு வந்து படம் பார்த்துச் சென்றது வேறொரு சரித்திரம். அதில் பேய்க்கு இடமில்லை.

விட்டலாச்சார்யா 1999 மே மாதத்தில் சென்னையில் காலமானார். பத்தாண்டுகள் கழித்து, 2009-இல், 'ஜெகன்மோகினி' நமீதாவைக் கொண்டு தமிழில் மறுபடி எடுக்கப்பட்டது. இளையராஜாவின் இசை இருந்தது. கணினி வித்தை இருந்தது. நடுவிலே கத்தரிக்க வேண்டிய அவசியமோ, கையைத் தூக்கியபடி நிற்கவேண்டிய முனிவரோ இல்லை. படம் ஓடவில்லை. கணினியால் உருவான பேயிடம் துள்ளல் இல்லை, ஆகவே சிரிப்பும் இல்லை என்பது என் தீர்ப்பு. மாறுபடுவோர் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வாதிக்கலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் டென்ட் கொட்டகை நடத்தியவர்கள், கரிக்குச்சி பிடித்த ஆபரேட்டர்கள், தட்டி வண்டியில் மூன்று மொழியிலும் கூவியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். எந்த ஊரில், எந்த வருஷம், எந்தப் படம், எத்தனை நாள் ஓடியது என்பதை அவர்கள் வாயால் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இத்தொழிலின் சரித்திரத்தை முறையாக எழுத இனி வருபவனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.